தனியா நின்னா கடன், ஊரா சேர்ந்தா உழவு!

(திருமுல்லைவாயில் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



முல்லைக்கொடியின் பெயரைத் தாங்கிய ஊர் இது. இன்னைக்கு இங்கே முல்லை எங்கே இருக்கு? மாசிலாமணீஸ்வரர் கோயில் வாசல்ல, பூக்காரம்மா கூடையில இருக்கு! வயலெல்லாம் மனையாகிப் போச்சு. பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருத்தணி பக்கம் மிச்சமிருக்கிற நிலத்துக்கும் இந்தக் கதி வரணுமா?

விவசாயி ஆசைப்பட்டா நிலத்தை விக்கிறார்? உரத்துக்குக் கடன், மருந்துக்குக் கடன், கூலிக்குக் கடன். வெள்ளாமை வந்தா விலை இல்லை. தனி ஆளா அவர் எத்தனை நாள் தாங்குவார்?

நம்ம மாவட்ட எல்லையைத் தாண்டினா ஆந்திரா. 2016-இல் அந்த மாநில அரசு ‘சமூகம் நடத்தும் இயற்கை விவசாயம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதுகெலும்பு மகளிர் சுய உதவிக் குழுக்கள். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்த ஜீவாமிர்தம் மண்ணுக்குப் போகுது. மாடு இல்லாதவங்க உள்ளூரிலேயே தயாரித்த இடுபொருளை வாங்கிக்கலாம். சொல்லிக் கொடுப்பது யார்? தன் நிலத்தில் செஞ்சு பார்த்த விவசாயியே! பக்கத்து வயல் பெண் சொன்னா நம்பிக்கை வரும். 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் விருதை இந்தத் திட்டம் மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டில் வழி இல்லாமல் இல்லை. 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. 20 சிறு, குறு விவசாயிகள் ஓர் ஆர்வலர் குழு. ஐந்து குழு சேர்ந்தால் 100 பேரின் உற்பத்தியாளர் குழு. அதற்கு 5 லட்ச ரூபாய் நிதி. நல்ல தொடக்கம்தான். ஆனா, டிராக்டரும் பவர் டில்லரும் வாங்குறதோட கூட்டு முடிஞ்சிடக் கூடாது. என்ன விதைப்பது, எங்கே விற்பது என்பதையும் குழுவே முடிவு செய்யணும்.

அதனால் நாம் கேட்பது மூன்று:

✅ இயற்கை விவசாயம் கற்றுத் தரும் அனுபவ விவசாயிகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மாத ஊதியம்.

✅ பட்டா இல்லாத குத்தகைதாரருக்கும் குழுவில் இடம்.

✅ ஆவடி மாநகராட்சிப் பகுதியில், குழுக்கள் நேரடியாக விற்க வாரச் சந்தை.

மூன்றாவது கோரிக்கை உங்களை நம்பித்தான் இருக்கு. சந்தை வந்தா வாங்குறது நீங்கதானே? மாற்றத்தின் முதல் போகத்தில் விளைச்சல் குறையுமோன்னு பயப்படுற விவசாயிக்கு, ‘நாங்க வாங்கிக்கிறோம்’னு நீங்க சொல்ற ஒரு வார்த்தை பெரிய தைரியம்.

நிலம் போன ஊர்க்காரங்க நாம. நிலம் இருக்கிற ஊருக்குத் துணையா நிற்போம்!