அடிபட்ட நாய்க்கு எஜமானர் யார்?

(மும்பை மாதுங்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜீவகாருண்யம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தெருவில் ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?

உத்தர காண்டத்தில், இடைச்செருகல் என்று சொல்லப்படும் சர்க்கங்களில், ஒரு கதை உண்டு. மண்டை உடைந்த நாய் ஒன்று ராமனின் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறது. ராமன் அதைச் சபைக்குள் அழைத்து விசாரிக்கிறான். அடித்தவர் ஒரு பிராம்மணர். பிக்ஷை கிடைக்காத பசிக் கோபத்தில் அடித்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். நாயின் வழக்கையும் கேட்பதுதான் ராஜ தர்மம்.

நம் காலத்தில் அந்த தர்மம் சட்டமாவதற்குக் காரணமானவர், கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர் பிராணிவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிறகு 1960-ல் அரசே சட்டம் இயற்றியது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

இந்த ஊருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1832-ல் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தபோது பார்ஸிகள் கடைகளை அடைத்துக் கிளர்ச்சி செய்தார்கள். பரேலில் உள்ள பாய் ஸகர்பாய் மிருக ஆஸ்பத்திரியும் ஒரு பார்ஸி குடும்பத்தின் தர்மம்தான்.

சில வருஷங்களுக்கு முன் கோவிலுக்குப் போகும் வழியில், பூக்கடைகள் பக்கம், வண்டியில் அடிபட்ட பழுப்பு நாய் ஒன்றைப் பார்த்தேன். பின்னங்கால் தொங்கியது. கழுத்தில் சிவப்புப் பட்டை, ஆனால் போன் நம்பர் இல்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். நடுக்கம் குறைந்தது.

பிறகு எஜமானரைத் தேடினேன். வாட்ச்மேன் அதை ராஜா என்றார். டீக்கடையில் காலியா. பூக்காரம்மாவுக்கு மணி. எல்லாரும் "நம்ம நாய்தான்" என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு யார் வருகிறீர்கள் என்றதும் பேச்சு நின்றது. பூக்காரம்மாதான் தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தார். விடியற்காலையில் தாராவியிலிருந்து வந்து கடை போடுகிறவர். அது ஒரு வெள்ளிக்கிழமை. அவருக்கு வியாபாரம் ஆகிற வேளையே அதுதான். தடுப்பூசி போட்ட அடையாளமாகப் பட்டை கட்டியதும் அவர்தானாம். டாக்ஸியில் போகும்போது "எஜமானர் பெயர்?" என்று கேட்பார்களே என்றேன். "என் பேரையே எழுதிடுங்க சாமி" என்றார்.

கால் எலும்பு முறிவு. சில வாரங்களில் நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். வலியில் இருக்கும் நாய் அன்பானவரையும் கடிக்கும். ஆகவே முகத்தருகே கை கொண்டுபோகக் கூடாது. போர்வையிலோ பலகையிலோ மெல்ல நகர்த்தி ஏற்ற வேண்டும். ஆகாரம் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆன தெருநாய் என்று அர்த்தம். அதற்கு வீட்டு எஜமானர் இருக்க வாய்ப்புக் குறைவு. சோறு போடுகிறவரைத் தேடுங்கள்.

நாய்க்கடிக்குப் பயப்படும் பெற்றோர்களின் கவலையும் நியாயமானதே. 2023-ல் வந்த மத்திய அரசு விதிகள் தெருநாய்களைச் சமூகப் பிராணிகள் என்கின்றன. கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்கின்றன. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில் போடச் சொன்னது. இரண்டையும் அனுசரித்தால் மனிதருக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

எந்த ஊரில் இருந்தாலும் உங்களிடம் இரண்டு விண்ணப்பம். பக்கத்து மிருக ஆஸ்பத்திரி நம்பரைக் கட்டிட அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். வீட்டு நாயின் பட்டையில் உங்கள் போன் நம்பரைப் பொறியுங்கள்; வழி தவறினால் அதற்குப் பேச வாய் இல்லை.