அடுக்களைல இருப்பா

ஸ்பானிய மொழியின் எதிர்காலம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். மொழியின் எதிர்காலம் அல்ல, வினைச்சொல்லின் எதிர்காலம். அதிலும் ஒரே ஒரு வினை: ‘எஸ்தார்’. நம்முடைய ‘இரு’.

சொல்லை முழுசாக வைத்துக்கொண்டு கடைசியில் வால் ஒட்டினால் போதும். எஸ்தாரே என்றால் இருப்பேன். எஸ்தாராஸ், இருப்பாய். எஸ்தாரா என்பது இருப்பான், இருப்பாள், இருக்கும் மூன்றுக்கும் பொது. எஸ்தாரெமோஸ், இருப்போம். எஸ்தாரான் என்றதும் யாரோ ஒரு பையன் என்று நினைப்பீர்கள், அது ‘இருப்பார்கள்’! ஒவ்வொரு வகுப்பிலும் இந்த இடத்தில் சிரிப்பு வரும். வேறு வினைகளுக்கும் இதே வால்தான். ‘தெனேர்’ மாதிரி ஒரு டஜன் வினைகள் மட்டும் அடம்பிடித்து உருமாறும். அவற்றை இன்று விட்டுவிடுவோம்.

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் மாலை நேர வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள் பாடத்தில் ஓர் உரையாடல். ‘அம்மா எங்கே?’ என்று ஒருவன் கேட்கிறான். ‘எஸ்தாரா என் லா கொசீனா’ என்று பதில். கொசீனா என்றால் சமையலறை. பிள்ளைகள் எல்லாரும் ‘சமையலறையில் இருக்கப்போகிறாள்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். இப்போது எங்கே என்று கேட்டால், நாளைய பதிலா? நான் விளக்க வாயெடுப்பதற்குள் சேரன்மகாதேவியிலிருந்து வரும் பெண் சொன்னாள்: “அடுக்களைல இருப்பா சார், வேற எங்க போவா?”

அவ்வளவுதான்! நான் பல வருஷமாகக் கரும்பலகையில் போராடிய விஷயம். எதிர்கால உருவம், பொருளோ நிகழ்காலத்து ஊகம். டவுன் கடைவீதியில் நின்று “அண்ணாச்சி இருக்காவளா?” என்று கேளுங்கள். பையன் எட்டிக்கூடப் பார்க்காமல் “உள்ள இருப்பாவ” என்பான். மத்ரீத் நகரத்துக் கடைப்பையனும் ‘எஸ்தாரா’ என்றுதான் சொல்வான். நேரத்துக்கும் அப்படியே. மணி மூணு இருக்கும் என்கிறோமே, அங்கே ‘செரான் லாஸ் த்ரேஸ்’. செர் என்பது ‘இரு’வுக்கு அவர்களிடம் உள்ள இன்னொரு வினை. அதுவும் எதிர்காலத்தில்தான் நிற்கிறது.

ஆனால் ஒத்துப்போகிறதே என்று முழுசாக நம்பிவிடாதீர்கள். ஒரு மாணவன் தாத்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதினான். ‘தாத்தா தினமும் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவார்’ என்பது அவன் மனதில் இருந்த வாக்கியம். ‘போவார்’ எதிர்காலம்தானே என்று ‘ஈரா’ போட்டுவிட்டான். தாத்தா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. ஸ்பானியம் வாசிக்கிறவருக்கு அவர் நாளைக் காலையில் துண்டோடு கிளம்புகிறார்! பழைய வழக்கத்தைச் சொல்ல அவர்கள் ‘ஈபா’ என்று தனி இறந்தகாலம் வைத்திருக்கிறார்கள். நாம்தான் போனவர்களையும் எதிர்காலத்தில் நடமாட விடுகிறோம். எனக்கென்னவோ அந்தத் தப்பைச் சிவப்பு மையால் அடிக்க மனம் வரவில்லை. பக்கத்தில் சின்னதாக ‘ஈபா’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மொழியின் வினையை இன்னொரு மொழியின் வினையோடு பொருத்தும் இந்த மல்லுக்கட்டு எங்கள் தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில், ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துக்கீசியம் பேசிய ஒருவர் தமிழ் வினைகளோடு மல்லுக்கட்டினார். 1546இல் இந்தியாவுக்கு வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையதுதான். அதற்கும் முன்னால், லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துத் தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதியிருந்தார். போர்த்துக்கீசியத்திலும் ‘எஸ்தாரா’ உண்டு, அதே ஊகப் பொருளோடு. முத்துக்குளித்துறையில் யாரையாவது தேடிப்போய், “கடலுக்குப் போயிருப்பாவ” என்ற பதிலைக் கேட்டபோது அவருக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கும். பார்த்தீர்களா, ‘வந்திருக்கும்’! எனக்கும் ஊகம்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வால் ஒட்டுவது, ஊகம், தாத்தா, இவ்வளவு நினைவிருந்தால் போதும். ‘எஸ்தாரெய்ஸ்’ என்ற ‘இருப்பீர்கள்’ விடுபட்டுப்போனது. அடுத்த உரையில் அதிலிருந்தே தொடங்குகிறேன், நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்.