மூன்று தலைமுறைப் படம்

 

லிட்டில் இந்தியா எம்ஆர்டி அருகே இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையை அறியாதவர் நம்மில் இல்லை. 1966-ல் ஒரே ஆண்டில் சுமார் 40,000 குழந்தைகள் பிறந்த பழைய கண்டாங் கெர்பாவ்தான் அது. அங்கே மரபியல் பிரிவு இருக்கிறது. தேசிய தலசீமியா பதிவகமும் அங்கேதான்.

மரபியல் மருத்துவராக எம்பிபிஎஸ் போதாது. குழந்தை மருத்துவம் போன்ற ஒரு துறையில் பயிற்சி பெற்று, அதற்கு மேல் இதைத் தனியாகக் கற்க வேண்டும். அதில் முக்கியமான பாடத்துக்குத் தாளும் பேனாவும் போதும்: மூன்று தலைமுறைக் குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் மணம் முடித்தவர்களுக்கு இரட்டைக் கோடு.

நம் வீடுகளில் இரட்டைக் கோட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டாக்டர் கேட்டால் மறைக்கிறோம். ஊரில் சின்ன வயதில் மவுத்தான பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. குழந்தை ரத்தமின்றி வெளுத்தால் பழி மருமகள்மேல். தலசீமியா மேஜர் வர, வாப்பா, உம்மா இருவரிடமும் அந்த மரபணு இருக்க வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்புதான். இதை விளக்கியபோது ஒரு மாமியார் என் முன்னே அழுதார். நிக்காஹ் பேசுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் விவரம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. சாச்சா மகனையும் நாம் 'தம்பி' என்போம். நம் முறை தெரியாத டாக்டர் அவரைக் கூடப்பிறந்தவராகவே வரைந்துவிடுவார், படமே தப்பாகிவிடும். அதனால்தான் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவராவது இத்துறைக்கு வரவேண்டும் என்கிறேன். அப்படி யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். பந்தி முடியும்வரை இங்கேதான் இருப்பேன்.