சுரங்கத்தில் ஒரு பூதம்



அறிவியல் கதை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள், "அதெல்லாம் பிள்ளைகள் பார்ப்பது" என்று எழுந்து வெளியே போய்விடுவதுண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் அப்படிப்பட்ட ஒரு தொலைக்காட்சிக் கதைதான். ஆனால் அதில் வருகிறவர்கள் உடலுழைத்துப் பிழைக்கும் தொழிலாளர்கள். ஆகவே சற்று அமர்ந்து கேளுங்கள்.

'ஸ்டார் டிரெக்' என்பது ஒரு விண்வெளிக் கப்பலின் பயணத்தைச் சொல்லும் அமெரிக்கத் தொடர். அதில் 'இருளில் உள்ள சாத்தான்' என்று பொருள்படும் தலைப்புடைய பகுதி, 1967ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் ஜீன் கூன்.

தொலைவிலுள்ள ஒரு கோளில் சுரங்கம். மண்ணுக்கு அடியில், வெளிச்சமே எட்டாத ஆழத்தில் வேலை. அங்கே ஏதோ ஒன்று ஆட்களை எரித்துக் கொல்கிறது. ஐம்பது பேர் மாண்டுவிட்டார்கள். காவலுக்கு நின்றவனும் பிழைக்கவில்லை. சுரங்கத் தலைவர் உதவி கேட்டு அனுப்ப, கப்பல் தலைவர் கிர்க்கும் அவருடைய துணைவர் ஸ்பாக்கும் வந்து சேருகிறார்கள்.

அந்தப் பிராணி பாறைக்குள் ஊர்ந்து செல்கிறது, நாம் காற்றில் நடப்பதுபோல! அதன் உடல் சிலிக்கனால் ஆனதாக இருக்கலாம் என்று ஸ்பாக் ஊகிக்கிறார். இது என்னவென்று கொஞ்சம் விளக்க வேண்டும். நம் உடலுக்கு அடிப்படை கார்பன். கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றால் மற்ற அணுக்களைப் பற்றிக்கொண்டு நீண்ட சங்கிலிகளாக வளர்கிறது. சிலிக்கனுக்கும் நான்கு கைகள்தாம். அப்படியானால் அதிலிருந்தும் உயிர் தோன்றலாமே? ஒரு சிக்கல் இருக்கிறது. நம் உடலிலுள்ள கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகி, மூச்சில் வெளியே போய்விடுகிறது. சிலிக்கன் ஆக்சிஜனோடு சேர்ந்தாலோ மணலுக்குரிய பொருளாகிவிடும்! அந்தப் பிராணி நம்மைப்போல் மூச்சு விட்டால் மூக்கிலிருந்து மணல் கொட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட உயிர் இதுவரை எங்கும் காணப்படவில்லை.

கதைக்கு வருவோம். இந்த இனத்தில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதானோ, இதைக் கொல்வது தகுமா என்று ஸ்பாக் தயங்குகிறார். கொன்றே தீர வேண்டும் என்கிறார் கிர்க். பிறகு சுரங்கம் இடிந்து, கிர்க் தனியாக அதன் எதிரே அகப்பட்டுக்கொள்கிறார். கையில் ஆயுதம் இருக்கிறது. காயம்பட்ட பிராணி பாயாமல் நிற்கிறது, அவரும் சுடவில்லை. இப்போது தூரத்திலிருந்து, "சுட்டுவிடுங்கள்" என்று பதறுகிறவர் யார்? ஸ்பாக்! நண்பனின் உயிர் என்று வந்ததும் அவருடைய தயக்கம் எங்கோ போய்விட்டது. இந்த ஓர் இடத்துக்காகவே நான் இதை மூன்று முறை பார்த்தேன்.

ஸ்பாக் அதன்மேல் கை வைத்து அதன் மனத்தை அறிகிறார். அது ஒரு தாய். தொழிலாளர்கள் அடிமட்டத்தில் கண்டெடுத்து, பயனற்றவை என்று உடைத்தெறிந்த உருண்டைக் கற்கள் அதன் முட்டைகள். ஆயிரக்கணக்கில் உடைத்திருக்கிறார்கள். சுரங்கத் தலைவரின் மேசைமீதுகூட ஒன்று அலங்காரமாக இருந்ததே!

தடிகளோடு ஓடி வந்த தொழிலாளர்கள் இதைக் கேட்டுத் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கூட வேலை செய்தவர்களைப் பறிகொடுத்தவர்கள். தோட்டத்தில் பாம்பைக் கண்டால் நாமும் முதலில் தேடுவது தடியைத்தானே!

கப்பல் டாக்டர், கட்டடத்துக்குப் பூசும் சிமெண்டைப் போன்ற ஒன்றை அதன் காயத்தில் அப்பிக் குணப்படுத்துகிறார். தாம் டாக்டரே தவிரக் கொத்தனார் அல்லர் என்று முணுமுணுத்துக்கொண்டே! பிராணியாக ஊர்ந்தவர் ஜானோஸ் புரோஹாஸ்கா என்னும் நடிகர். பார்க்க அது கம்பளத்தைப் போர்த்திய மேடு போலத்தான் இருக்கிறது. ஆனாலும் அது வலியில் புரளும்போது சிரிப்பு வரவில்லை.

முடிவில் ஓர் உடன்பாடு. முட்டைகளை யாரும் தொடக் கூடாது. குஞ்சுகள் பாறையைக் குடைந்து போகும். வெளிப்படும் கனிமத்தை மனிதர்கள் எடுத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் இங்கே ஒரு நெருடல். தாய் என்று தெரிந்ததால் அதை வாழவிட்டார்களா, நன்றாகத் தோண்டும் என்பதால் வாழவிட்டார்களா? கதை இதற்குள் நுழையாமல் சிரித்துக்கொண்டே முடிந்துவிடுகிறது.

எங்கள் பள்ளியில் இதைப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் முட்டைகளைப் பற்றியும் மணல் மூச்சைப் பற்றியும் கேட்டார்கள். தாயார் செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கும் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கடைசியாக எழுந்து நின்றாள்.

"சார், அந்தக் குஞ்சுகளுக்குச் சம்பளம் உண்டா?"

மணி அடித்துவிட்டது. மறுநாளும் அவள் அதையே கேட்டாள்.