இருதயக் கருவியின் மேல் தோல் சிவந்தால்

(பங்கு ஜூபிலியையொட்டி நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டை முன்னிட்டு நம் கோவிலுக்கு வர்ணம் பூசினோம், கூரையைச் செப்பனிட்டோம். இன்று உடல்நலம் பற்றிப் பேச நம்மை அழைத்திருக்கிறீர்கள். நாம் வைத்தியர் அல்லர். குருமடத்தில் நாம் கற்றவை தத்துவமும் இறையியலுமே. ஆயினும் நம் பங்கில் நடந்த ஒரு காரியமும், அதில் நாம் செய்த பிழையும் நம்மைப் பேச வைக்கின்றன.

காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். இருதயத் துடிப்பு குறைந்து அடிக்கடி மயங்கி விழுந்ததால், முன்பே அவருக்கு இடது மார்பில், காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். பாட்டரி தீர்ந்தபோது பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். நான்காம் மாதத்தில் அந்த இடம் சிவந்து சற்றே வீங்கியது. மருந்துக் கடையில் ஐந்து நாளுக்கு மாத்திரை வாங்கி விழுங்கினார், சிவப்பு அடங்கிற்று. மூன்று வாரத்தில் மீண்டும் வந்தது. மீண்டும் மாத்திரை. இப்படி நான்கு முறை.

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றி, "சாமி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். "சட்டை உரசியிருக்கும் ஐயா, தேங்காயெண்ணெய் தடவுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் எல்லாரும் தோட்டத்தில். மலையிறங்கிச் சேலம் போக யாருக்கும் நேரமில்லை. இரண்டு மாதங்கழித்துத் தோல் மெலிந்து திறந்து, உள்ளிருந்த உலோகம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் கிருமி இரத்தத்திலும் கலந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தார். வீட்டுப் பசுமாடு விற்றுப்போயிற்று.

ஏன் மாத்திரைக்கு அது அடங்கவில்லை? கிளியூர் அருவியின் பாறைகளில் படிந்திருக்கும் பாசியைப் பார்த்திருக்கிறீர்கள். எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அது போவதில்லை. கருவியின் மேல் ஒட்டிக்கொள்ளும் கிருமிகளும் அப்படியே வழவழப்பான படலமொன்றைப் போர்த்திக்கொண்டு வாழ்கின்றன. சதைக்குள் இரத்தம் ஓடுகிறது, அதோடு மருந்தும் போகிறது. உலோகத்துக்குள் இரத்தம் ஓடுவதில்லை. மேலே இருப்பவை சாகும், சிவப்பு குறையும். அடியில் இருப்பவை பிழைத்து மறுபடி பெருகும். கருவியிலிருந்து செல்லும் வயர் இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள்ளேயே போவதால், கிருமியும் அவ்வழியே இருதய வால்வு வரை சென்றுவிடக்கூடும்.

ஆகவே கிருமி தொற்றியது உறுதியானால் பெட்டியையும் வயர்களையும் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்பதே இன்றைய வைத்திய முறை. சீழ் இல்லாவிட்டாலும், கருவி தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் அதுவும் தொற்றாகவே கொள்ளப்படும். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நோயாளிகளைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவருக்குக்கூட முப்பது நாளுக்குள் கருவி எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. ஆறு நாளுக்குள் எடுக்கப்பட்டவர்களிடையே மரணம் குறைவாயிருந்தது. வசதி மிகுந்த நாட்டிலேயே இந்தத் தாமதம் என்றால், நம் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாச் சிவப்பும் தொற்றாகுமா? ஆகாது. ஆபரேஷன் ஆன புதிதில் தையல் போட்ட இடத்தில் சிறிது சிவக்கலாம். தோளில் மாட்டும் பையின் பட்டையோ, விறகுச் சுமையோ உரசிப் புண்ணாகலாம். உலோகம் ஒத்துக்கொள்ளாத உடலும் உண்டு. ஆனால் அது மிக அரிது, தொற்று இல்லையென்று நன்கு சோதித்த பிறகே அப்படிச் சொல்ல முடியும். எது எதுவென்று பிரித்தறிவது கருவி வைத்த வைத்தியரின் வேலை. நம் வேலையன்று, மருந்துக் கடைக்காரரின் வேலையுமன்று.

கருவி உள்ளவர்கள் மனதில் வைக்க வேண்டியவை சில. அவ்விடம் சிவந்தால், சூடானால், வீங்கினால், வலித்தால், நீர் கசிந்தால், தோல் மெலிந்து பளபளத்தால் உடனே காட்டுங்கள். சிவப்பே இல்லாமல் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தாலும் காட்டுங்கள். மஞ்சள் பற்றுப் போடாதீர்கள், அமுக்கிப் பிதுக்காதீர்கள், ஊசி குத்தி நீர் எடுக்க யாரையும் விடாதீர்கள், அந்த ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோகும். இரத்தப் பரிசோதனைக்கு முன் தாமாக மாத்திரை விழுங்கினால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினமாகும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, மெல்ல வேலை செய்யும் சில கிருமிகளும் இங்கே வருவதுண்டு. அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். சர்க்கரை நோயாளிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், பாட்டரி மாற்றிக்கொண்டவர்களும் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும்.

பலர் புண்ணை மறைப்பதற்குக் காரணம் பயமே. "பெட்டியை எடுத்துவிட்டால் உயிர் போய்விடுமே" என்று நம் பெரியவரும் அஞ்சினார். 1958 அக்டோபர் 8ஆம் நாள் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியாளர் செய்ததை ஆக்கே சென்னிங் என்னும் அறுவை வைத்தியர் பொருத்தினார். அது சில மணி நேரத்தில் நின்றுபோயிற்று. பிறகு அவருக்கு மாற்றி மாற்றி இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் வைத்தார்கள். அவர் 2001இல், தம் 86ஆம் வயதில்தான் மறைந்தார். ஒரு கருவி போனதோடு வாழ்வு போய்விடவில்லை.

வயர்களை எடுப்பது எளிய வேலையன்று. அதில் பழகிய வைத்தியர்களிடமே செய்ய வேண்டும். எடுத்தபின் துடிப்பு தேவைப்பட்டால் தற்காலிக வயர் வைத்துக் காப்பார்கள். இரத்தம் சுத்தமான பின் மறுபக்கத்தில் புதிய கருவி வைப்பார்கள். நம் பெரியவருக்கும் இப்போது வலது மார்பில் இருக்கிறது. சிலருக்கு இருதயத்துக்குள்ளேயே வைக்கும் வயரில்லாத சிறு கருவியும் பொருந்தும்.

செலவைப் பற்றிய கவலை நமக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர் அதை மறவாமல் எடுத்துச் சென்று, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு உதவி உண்டென்று ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், கருவி வைத்திருப்போர் தங்கள் கருவி அட்டையோடு பங்கு இல்லத்துக்கு வாருங்கள். பெயரையும், வைத்த நாளையும், காட்ட வேண்டிய வைத்தியரையும் ஒரு நோட்டில் எழுதிவைப்போம். பழம் பறிக்கும் காலமானாலும், மழைக் காலமானாலும், துணைக்கு ஓர் ஆளையும் வண்டிச் செலவையும் பங்கு தரும்.

இனி யாரேனும் பொத்தானைக் கழற்றி, "சாமி, இதைப் பாருங்க" என்றால், எண்ணெய் தடவச் சொல்ல மாட்டோம். அன்றைக்கே மலையிறங்க வண்டி சொல்லுவோம்.