மணவாளக்குறிச்சி மணலும் கட்டளை வரியும்

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவரிடையே ஆற்றிய உரை)



மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பாருங்கள். வெண்மணலினூடே கருமணல் கலந்திருக்கும். கருமை இல்மனைட்டினுடையது. இடையிடையே தேன்நிறத்தில் தென்படுவது மோனசைட்டு; அதனுள் உறைவது தோரியம். 1909இல் சோம்பெர்க்கு என்னும் செருமானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டிய மணலைக் கொண்டே இதனைக் கண்டறிந்தார். நம் பாட்டன்மார் காலில் மிதித்து நடந்த பொருளின் மதிப்பை அயலான் ஒருவன் கயிற்றுத் தூசியில் கண்டான்! அன்று தொடங்கிய மணல் எடுப்பு இன்றும் நிற்கவில்லை. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் நிலத்தில் மணல் எடுக்கும் திட்டம் எழுந்தபோது கடலோர மக்கள் கொதித்தெழுந்ததை நீவிர் அறிவீர்.

கதிரியக்கம் மிகுதி என்பார் ஒரு சாரார். அஞ்சற்க என்பார் மறு சாரார். நான் கேட்பது ஒன்றே. அளந்தவர் யார்? எவ்வாறு அளந்தார்?

தோரியம் பத்துப் படிகளில் சிதைந்து ஈயமாகிறது. அப்படிகளுள் ஒன்றில், நூற்றுக்கு 36 முறை, தாலியம்-208 தோன்றும். அது 26,14,000 எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுள்ள காமாக் கதிரை உமிழும். அக்கதிர் சோடியம் அயோடைடுப் படிகத்தில் பட்டால் ஒளி மின்னும், அம்மின்னலை எண்ணுகிறோம். எண்ணுவது எளிது. ஆயின் படிகத்தைத் தொட்டவை எத்தனை, மணலுக்குள்ளேயே மடிந்தவை எத்தனை, படிகத்தைத் தொடாமல் வானோக்கிச் சென்றவை எத்தனை? பாதிக் கதிரை அடக்க ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மணல் போதும். நாம் எண்ணியதிலிருந்து மணலின் தோரிய அளவுக்குச் செல்ல ஒரு பாலம் வேண்டும்.

அப்பாலமே ஒப்புருவாக்கம். சியாண்ட்-4 என்னும் நிரல்தொகுதி செர்ன் ஆய்வகத்திலும் சப்பானின் கேக் ஆய்வகத்திலும் 1993இல் தனித்தனியே தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்து, 1998இல் வெளிவந்தது. மாபெரும் துகள் முடுக்கிகளின் உணர்கருவிகளுக்காகச் செய்யப்பட்டது, விலையின்றிக் கிடைப்பது. மணலின் வடிவையும் படிகத்தின் வடிவையும் எழுதிக் கொடுத்தால், அது ஒவ்வொரு கதிரையும் அடியடியாக நடத்தும். ஒவ்வோர் அடியிலும் தாயக்கட்டை உருட்டுவதுபோல் ஓர் எண்ணை எடுத்து, சிதறுமா, விழுங்கப்படுமா, கடந்து செல்லுமா என முடிவு செய்யும். பத்து இலக்கம் சிதைவுகளை ஓட்டினால் படிகத்தில் பதிவன சில நூறாகவே இருக்கலாம். 400 பதிந்தால் 20 முன்பின் ஆகும்; நூற்றுக்கு 5 பிழை. எனவேதான் இரவெல்லாம் ஓடவிட வேண்டியுள்ளது. படம் வரையும் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இவ்வேலை செய்ய முற்படுவோர் விடியலில் ஏமாறுவர். கட்டளைகளை ஒரு தாளில் வரிவரியாக எழுதி, கணிப்பொறியிடம் அத்தாளின் பெயரை மட்டும் ஒரே வரியில் சொல்லுவதே முறை. நாளை ஒருவர் ஐயுற்றால், அத்தாளையே சான்றாக நீட்டலாம்.

கட்டளைத் தாள் சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. ‘கன்’ என்னும் கட்டளை துப்பாக்கிபோல் ஒரே இடத்திலிருந்து கதிரை ஏவும். மணலோ எல்லா இடத்திலும் உமிழ்வது. அதற்குப் பரப்பிவிடும் வேறு கட்டளை உண்டு. இன்னொன்று இதனினும் கொடிது. தோரியத்தின் அரைவாழ்வு 1,400 கோடி ஆண்டு. அண்மைப் பதிப்புகளில், ஓராண்டுக்கு மேல் வாழும் அணுக்களைச் சிதையாதவையாகவே கொள்ளுமாறு எல்லை வைத்துள்ளனர். அவ்வெல்லையை உயர்த்தாமல் தோரியத்தை ஓட்டினால் ஒரு கதிரும் வாராது. பொறி முறையிடவும் செய்யாது! சுழியத்தைப் பார்த்து ‘மணல் தூயது’ என்று அறிக்கை எழுதிவிட்டால் யார் பொறுப்பு?

அடர்த்தியும் அவ்வாறே. வெண்மணலின் குவார்ட்சு 2.65, இல்மனைட்டு 4.7 அளவு, மோனசைட்டு 5 அளவு. நூலிலிருந்து வெறும் வெண்மணலை எடுத்து எழுதினால் கதிர் உள்ளதைவிட எளிதாக வெளியேறுவதாகக் கணக்கு சொல்லும். தோரியம் குறைவாய்த் தெரியும். வேறு நாட்டு மணலின் எண்கள் நம் கடற்கரைக்குப் பொருந்தா. நம் மணலை நாமே நிறுத்து, பகுத்து, எழுத வேண்டும்.

கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள. அவற்றை நாம் மாற்ற இயலாது. ஆனால் ‘#’ குறி இட்ட வரியைப் பொறி படிப்பதில்லை, மாந்தர்க்கே அது. அவ்வரியைத் தமிழில் எழுதுங்கள். ‘இங்கு மணலின் அடர்த்தி, மார்ச்சுத் திங்களில் நிறுத்தது’ என்று எழுதி வைத்தால், முட்டத்து மீனவரின் மகளும் படித்துக் கேள்வி கேட்கலாம். தோசிகிடே மாசுகாவா 2008இல் துகள் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றபோது, தம் பரிசுரையைச் சப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். அதனால் அவர் இயற்பியல் குறைந்துவிடவில்லை.

ஒன்று சொல்லி அமர்கிறேன். இம்மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மணற்பரல்களின் இடையே நீர் நிறைந்தால் கதிர் மேலும் அடங்கும். ஆகவே வறண்ட மணலுக்கு ஒரு தாள், நனைந்த மணலுக்கு ஒரு தாள் என இரண்டு எழுதுங்கள். அளந்த நாளை இரண்டிலும் குறியுங்கள்.