உட்கார்ந்தால் என்ன குடி முழுகிப் போகும்?

(மங்களூரில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்ச நரகத்தைப் பற்றியதல்ல. ஒரு நாற்காலியைப் பற்றியது. நாற்காலிகூட வேண்டாம், ஒரு முக்காலி. அதுவும் இல்லாவிட்டால் ஒரு பலகை. கூலிக்கு உழைக்கிற மனிதன் வேலைக்கு நடுவே சற்று உட்கார இடமுண்டா இல்லையா என்பதே கேள்வி. இதற்கும் ஒரு கூட்டமா என்று சிலருக்குச் சிரிப்பாயிருக்கலாம். சிரிக்கிறவர்கள் யாவரும் இப்போது உட்கார்ந்துகொண்டுதான் சிரிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

மங்களூர் என்றால் வெளியூர்க்காரர்கள் கர்னாடகத்துத் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுகிறார்கள். நம் மங்களூர் மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மேட்டுக்காடு. மழை பொய்த்தால் நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? சிலர் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளுக்கு. சிலர் நெய்வேலிக்கு ஒப்பந்தக் கூலியாய். கொஞ்சம் படித்த பெண்கள் திட்டக்குடி, விருத்தாசலம் தொடங்கி சென்னை தியாகராய நகர் வரையுள்ள ஜவுளிக்கடைகளுக்கு.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் கடை திறக்கும்போது நின்றவள் இரவு கடை மூடும்வரை நிற்கிறாள். சோற்றுக்கு விடுகிற அரைமணி தவிரப் பத்து மணி, பதினொரு மணி நேரம். வாங்க ஆள் வந்தால் நிற்கட்டும், புடவையை விரித்துக் காட்டட்டும், அது வேலை. ஒருவரும் வராத மத்தியானத்திலும் நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்? சுவரில் சாய்ந்தால் திட்டு, சில இடங்களில் அபராதம். ஒதுங்கப் போக மேஸ்திரியிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமலிருக்கிற பெண்கள் அநேகர். கால் வீங்குகிறது, கெண்டைக்கால் நரம்பு முடிச்சு முடிச்சாய்ச் சுருட்டிக்கொள்ளுகிறது, இடுப்பு விட்டுப்போகிறது, மூத்திரத்தை அடக்கி அடக்கி அதிலும் வியாதி. இருபத்தைந்து வயதில் கிழவியாகிவிடுகிறாள்.

அதே கடையில் கல்லாப் பெட்டிக்கு மேலே படத்தில் இருக்கிற லக்ஷ்மியைப் பாருங்கள். சௌகரியமாகத் தாமரைப்பூவின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். கீழே முதலாளி மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வாங்க வருகிறவருக்கும் ஆசனம் உண்டு. லக்ஷ்மியை உண்மையிலேயே கடைக்குள் கொண்டுவருகிறவள் மாத்திரம் நிற்கிறாள்! ஆயுத பூசையன்று கத்தரிக்கோலுக்குச் சந்தனம், அளவுகோலுக்குக் குங்குமம், இயந்திரத்துக்கு மாலை, அன்றைக்கு ஆயுதங்களுக்கெல்லாம் ஓய்வும் உண்டு. உயிருள்ள ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்க எந்தச் சாஸ்திரத்திலும் நாள் குறிக்கவில்லை போலும்.

முதலாளிமாரின் வழக்கமான புகார் ஒன்று இருக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிலைத்து நிற்பதில்லை, தொழில் கற்றுக்கொடுத்தால் ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள், நன்றி கெட்டவர்கள்" என்கிறார்கள். ஓடுகிறவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று இவர்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? யோசித்த ஊர் ஒன்றைச் சொல்லுகிறோம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தருகே ஒரு நூல் ஆலை. ஆலையின் மற்றப் பகுதிகளில் நூறு பேருக்கு வருஷத்தில் ஐந்தாறு பேர்தான் விலகுவார்கள். ஒரு நூற்புப் பகுதியில் மாத்திரம் நூறு இடத்துக்கு 250 பேர் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஊக்கத்தொகை கொடுத்தார்கள், ஒரு திட்டமல்ல, நாலு திட்டம் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. 1923-ல் எல்டன் மேயோ என்ற ஆராய்ச்சியாளரை அழைத்தார்கள். அவர் தொழிலாளிகள் சொல்லுவதைக் காதுகொடுத்துக் கேட்டார். நாள் முழுதும் இயந்திரத்தோடு நடந்து நடந்து பாதம் வலிக்கிறது, மாலையில் மனம் சோர்ந்து கசந்துபோகிறது என்றார்கள். காலையில் இரண்டு தடவை, பிற்பகலில் இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம் படுத்து இளைப்பாறச் செய்தார். ஓட்டம் நின்றது, உற்பத்தியும் ஏறிற்று. நடுவில் அவசர வேலை வந்ததென்று ஒரு மேற்பார்வையாளர் அந்தப் பத்து நிமிஷங்களைப் பறித்தார். உடனே உற்பத்தி இறங்கிற்று. பிறகு ஆலைத் தலைவரே, தினம் நாலு தடவை இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். இதிலே தர்மமுமில்லை, தயவுமில்லை, சுத்தக் கணக்கு!

மோட்டார் வண்டி செய்த ஹென்றி போர்டு ஏழைகளிடத்தில் உருகுகிற மனிதரல்ல. 1913-ல் அவர் தொழிற்சாலையில் நூறு இடத்துக்கு 370 பேர் மாறினார்கள். 1914 ஜனவரி 5-ந் தேதி, நாளுக்கு 8 மணி வேலை, 5 டாலர் வரை கூலி என்று அறிவித்தார். ஆட்கள் தங்கினார்கள். ஆகவே ஆள் தங்காத இடத்தில் குற்றம் ஆளிடத்திலா, இடத்திலா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மூடநம்பிக்கையும் உண்டு. மனக்கவலை, நெஞ்சடைப்பு எல்லாம் பெரிய உத்தியோகஸ்தருக்கு வருகிற பணக்கார வியாதி, கூலிக்காரனுக்கு ஏது கவலை என்பார்கள். லண்டனில் 1967 முதல் சுமார் 18,000 அரசாங்க ஊழியர்களை வைத்து ஆராய்ந்தார்கள். அடிமட்டத்துச் சேவகர்கள் மேல்மட்ட அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருதய நோயில் இறந்திருந்தார்கள். புகைபிடித்தல் முதலிய பழக்கங்கள் அதில் ஒரு பங்குக்குத்தான் காரணமென்று தெரிந்தது. தன் வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லாமல் பிறர் ஏவலுக்கே நிற்பது உடம்பையும் அரிக்கிறது என்பது, 1985-ல் தொடங்கின அடுத்த ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

பீங்கான் பட்டறைகளிலும் இதே கதைதான். காய்ந்த மண்ணைப் பெருக்கினால் கண்ணுக்குத் தெரியாத மணல் தூசி பறந்து சுவாசப்பையில் தங்கி, பல வருஷம் கழித்து இளைப்பாகத் தலைகாட்டும். போனால் திரும்பாத வியாதி. தரையில் தண்ணீர் தெளித்துக் கூட்டினால் பாதி ஆபத்து குறையும். ஒரு குடம் தண்ணீர் காரியத்தைத் தலையெழுத்து என்று நம்மவர்கள் சொல்லுவதுதான் வேதனை. பிரம்மா எழுதினானாம்! விளக்குமாறு பிடித்த கையில்தானே அந்த எழுத்து இருக்கிறது?

சரி, செலவே இல்லாத ஒரு முக்காலியைப் போட இவ்வளவு தயக்கம் ஏன்? இங்கேதான் நம் நாட்டு விசேஷம் இருக்கிறது. மேல்நாட்டான் லாபத்துக்காக நிற்க வைத்தான். லாபம் குறைந்தால் உட்கார வைத்தான். நம் நாட்டில் நிற்பதே மரியாதை என்று பழக்கியிருக்கிறார்கள். பண்ணையார் முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இன்று கடையில் நிற்கிறார்கள்? நெடுங்காலத்துக்கு முந்தின கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020-ம் வருஷம், நமது கடலூர் மாவட்டத்திலேயே, தெற்குத் திட்டை ஊராட்சியில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் ஒரு தாழ்த்தப்பட்ட பெண் என்பதற்காக, கூட்டத்தில் அவரைத் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியை நிற்கச் சொல்லுவதும் இன்னொருத்தியைத் தரையில் உட்காரச் சொல்லுவதும் ஒரே புத்திதான். நாற்காலி யாருக்கு என்பதில்தான் ஜாதி குடியிருக்கிறது.

சட்டம் இல்லையா என்பீர்கள். இங்கிலாந்தில் 1899-லேயே, கடையில் மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமாவது போட வேண்டுமென்று சட்டம் வந்தது. இங்கே 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 44-வது பிரிவில் நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி செய்யச் சொல்லிற்று. ஆனால் ஜவுளிக்கடை தொழிற்சாலை அல்லவே! கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் சங்கம் சேர்ந்து பல வருஷம் போராடி 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்த தொழிலாளர் அமைச்சர் சி.வெ. கணேசன் நமது திட்டக்குடித் தொகுதியிலிருந்து போனவர். அதைப் பாராட்டுகிறோம். அவரே 2023 ஏப்ரலில் தொழிற்சாலையில் 12 மணி நேரம்கூட வேலை வாங்க இடம் கொடுக்கும் மசோதாவையும் கொண்டுவந்தார். 21-ந் தேதி நிறைவேறிற்று. சங்கங்கள் கொதித்தெழுந்ததில் 24-ந் தேதி நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். ஒரு கையில் முக்காலி, மறு கையில் கடிகாரம்! நம் ஊர்க்காரர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

அந்த 22-ஏ பிரிவிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லாருக்கும் ஆசனம் போட வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்காரலாம் என்பது அதன் கருத்து. சந்தர்ப்பம் கிடைத்ததா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? மேஸ்திரி! கூட்டமில்லாத நேரத்தில் துணியை மடி, தூசி தட்டு என்று ஏவினால் சந்தர்ப்பம் எங்கிருந்து வரும்? இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மாத்திரம் முக்காலிகள் மாடியிலிருந்து இறங்குவதுமுண்டு. அந்தப் பெண் தனியாக வாய் திறந்தால் மறுநாள் வேலையில்லை. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பத்துப் பேரையும் ஒரே நாளில் அனுப்ப முடியாது. பண்டிகைக் காலத்தில் அறவே முடியாது.

நாம் தீபாவளி கொண்டாடச் சொல்லுகிறவர்களல்ல. கொண்டாடியே தீருவேன் என்று துணி எடுக்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். புடவையைப் பிரிக்கச் சொல்லுமுன், "இந்தப் பெண் உட்கார முக்காலி எங்கே?" என்று முதலாளியைக் கேளுங்கள். உங்களுக்குக் காப்பி கொடுத்து, ஆசனம் போட்டு, அண்ணாச்சி என்றும் அம்மா என்றும் உபசரிக்கிறவர் அதற்கு என்ன பதில் சொல்லுகிறார் என்பதை அடுத்த கூட்டத்தில் வந்து நமக்குச் சொல்லுங்கள்.